நீறு பூத்த நெருப்பு: இரத்தக் குழாய்ச் சுவரைக் காட்டும் படங்கள்



"அடைப்பு ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொல்லக் கேட்டவுடன் ஒரு குடும்பத்துக்கு உண்டாகும் ஆறுதல் பெரிது. அந்த ஆறுதல் நியாயமானதே. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும், விட்ட பீடியை மறுபடியும் பற்றவைக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. சில ஆண்டுகள் கழித்து மாரடைப்பு வரும்போது, "அன்றைக்குப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்களே!" என்று கலங்குகிறார்கள்.

படம் பொய் சொல்லவில்லை. டாக்டரும் பொய் சொல்லவில்லை. அந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை நாம் விளங்கிக்கொள்ளாததே காரியம். ஆகவே இந்தப் பாடத்தில், இரத்தக் குழாயின் சுவருக்குள் நடப்பது என்ன, அதைப் பார்க்க மருத்துவர் எந்தெந்தப் படங்களைப் பயன்படுத்துகின்றனர், பார்த்தபின் செய்யவேண்டியது என்ன என்று ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. இது நம் காலத்து வியாதியா?

2013-ம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களில் கிடைத்த 137 பழங்காலத்து உடல்களை, அதாவது மம்மிகளை, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். அவற்றுள் 47 உடல்களில் இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு உண்டாகிச் சுண்ணாம்பு ஏறியிருந்ததற்கு அடையாளம் கிடைத்தது. மூன்று பேருக்கு ஒருவர் என்று சொல்லலாம். பொரித்த கோழிக் கடைகளோ மோட்டார் வாகனங்களோ இல்லாத காலத்தில் வாழ்ந்தவர்கள் இவர்கள். அலூஷியன் தீவினர் வேட்டையாடியும் மீன் பிடித்தும் பிழைத்தவர்கள்.

எனவே இது பணக்காரரின் வியாதி, பட்டணத்தாரின் வியாதி என்று ஒதுக்கிவிட முடியாது. மனித சரீரத்தில் வயதோடு வரக்கூடிய ஒரு தேய்மானம் இது. ஆகிலும் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எவ்வளவு கடுமையாக வருகிறது என்பதில் ஆளுக்கு ஆள் மிகுந்த வித்தியாசம் உண்டு. இதை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் விவரங்களைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்றும், மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59 என்றும் தெரியவந்தது. ஆறு ஆண்டு முந்திவிடுகிறது. மகளுக்குக் கலியாணம் பேசும் வயது. மகன் படிப்பை முடிக்காத வயது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சலீம் யூசுஃப், கேரளத்தில் பிறந்து பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

2. சுவருக்குள் நடப்பது என்ன?

இரத்தக் குழாய் என்றால் ஒரு ரப்பர் குழாயைப்போல் அநேகர் எண்ணிக்கொள்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் பாசி பிடிப்பதுபோல் உள்ளே கொழுப்பு ஒட்டுகிறது என்பது அவர்களுடைய எண்ணம். உண்மை அப்படியல்ல. இரத்தக் குழாய் உயிருள்ள ஓர் உறுப்பு. அதன் சுவருக்கு மூன்று அடுக்குகள் உண்டு. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால், உள் அடுக்கைக் கடந்து சுவருக்குள்ளேயே புகுந்து தங்கிவிடுகிறது.

அந்நியப் பொருள் வந்து தங்கியதென்று கண்ட சரீரம் வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை கொழுப்பை விழுங்குகின்றன. விழுங்க விழுங்க உப்பிப்போய், செரிக்க முடியாமல் அங்கேயே மடிகின்றன. மடிந்தவற்றை அகற்ற இன்னும் பல வருகின்றன. காலில் முள் தைத்த இடம் சிவந்து, சூடேறி, சீழ் வைப்பதை நாம் அறிவோம். அதுவே அழற்சி. கண்ணுக்குத் தெரியாமல், வலியுமில்லாமல், பல ஆண்டுகளாக இரத்தக் குழாய்ச் சுவருக்குள் நடப்பதும் அப்படிப்பட்டதே. இந்தப் படிவுக்கு மருத்துவர் வழங்கிய அதீரோமா என்ற பெயர், கூழைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அறுத்துப் பார்த்தவர்கள் கூழைப்போன்ற ஒன்றைக் கண்டே அப்பெயரிட்டனர்.

அந்தக் கூழின்மேல் நார்த்தன்மையுள்ள ஒரு மூடி உண்டாகிறது. மூடி தடிப்பாக இருக்கும்வரை பெரிய மோசமில்லை. அழற்சி மிகும்போது அதே வெள்ளை அணுக்கள் மூடியை அரித்து மெல்லியதாக்குகின்றன. ஒருநாள் அது கிழிகிறது. கூழ் இரத்தத்தைத் தொட்டவுடன் இரத்தம் அவ்விடத்தில் உறைகிறது. இருதயத்துக்குப் போகும் குழாயில் இது நேர்ந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நேர்ந்தால் பக்கவாதம்.

ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ 19-ம் நூற்றாண்டிலேயே இதில் அழற்சியின் அடையாளத்தைக் கண்டிருந்தார். ஆயினும் 1999-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரஸ்ஸல் ராஸ், "இது ஓர் அழற்சி நோய்" என்று தலைப்பிலேயே சொல்லி எழுதிய கட்டுரைக்குப் பின்னரே அக்கருத்து எங்கும் நிலைபெற்றது.

3. ஆஞ்சியோகிராம் காட்டுவதும் காட்டாததும்

1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டாக்டர் மேசன் சோன்ஸ், ஒரு நோயாளிக்கு வேறிடத்தில் செலுத்த நினைத்த சாய மருந்து இருதயக் குழாய்க்குள் நேரடியாகப் பாய்ந்துவிட்டது. நோயாளி பிழைத்தார், குழாயின் வடிவம் படத்தில் தெளிவாக விழுந்தது. இன்றுவரை இலட்சக்கணக்கானோர் உயிரைக் காத்துவரும் ஆஞ்சியோகிராம் பரிசோதனை அப்படித் தொடங்கியது.

இந்தப் படத்தில் தெரிவது சாயம் கலந்த இரத்தம் ஓடும் வழி மாத்திரமே. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு அகலமாக ஓடுகிறது என்று பார்ப்பதைப்போல. கரைக்குள் எலி வளை தோண்டியிருப்பது தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. கரை உடைகிற அன்றைக்குத்தான் தெரியும்.

1987-இல் சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் சீமோர் கிளாகோவும் அவர் குழுவினரும், இறந்தவர்களின் 136 இருதயங்களை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். சுவருக்குள் படிவு வளரும்போது குழாய் வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது. உட்சுவர் எல்லைக்குள் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் படிவு பிடித்துக்கொள்ளும்வரை இரத்தம் ஓடும் வழி குறுகுவதில்லை. அதாவது, வியாதி பாதி வழி வந்த பின்னும் ஆஞ்சியோகிராம் "அடைப்பு இல்லை" என்று காட்டக்கூடும். மாரடைப்பை உண்டாக்கும் படிவுகளில் பல, அதற்கு முன் குழாயைப் பாதிகூட அடைத்திராதவை என்பதையும் அந்த ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டின.

இதனால் ஆஞ்சியோகிராம் வீண் என்று நினைக்கவேண்டாம். மார்வலியோடு வந்தவருக்கு எங்கே அடைத்திருக்கிறது, எங்கே ஸ்டென்ட் வைக்கவேண்டும் என்று காட்ட அதுவே வழி. அதன் கேள்வி "எங்கே குறுகியது?" என்பது. "எங்கே கனன்றுகொண்டிருக்கிறது?" என்பது வேறு கேள்வி.

4. சாம்பலைக் கணக்கிடும் படம்

நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியோர் சொல்வார்கள். மேலே சாம்பல், உள்ளே கனல். இரத்தக் குழாய்ப் படங்களையும் அவ்வாறே இரண்டாகப் பிரித்து விளங்கிக்கொள்ளலாம்.

சாம்பலைக் கணக்கிடுவது கால்சியம் ஸ்கோர். பழைய படிவுகளில் சுண்ணாம்புச் சத்து ஏறுகிறது, அது சி.டி. ஸ்கேனில் எலும்பைப்போல் வெண்மையாகத் தெரியும். 1990-இல் டாக்டர் ஆர்தர் அகட்ஸ்டனும் அவருடன் உழைத்தவர்களும் இதை எண்ணால் அளக்கும் முறையை வெளியிட்டனர். பூஜ்யம் என்றால் படத்தில் தெரியும் சுண்ணாம்பு இல்லை. 100-க்கு மேல் போனால் கவனம் தேவை. 400-க்கு மேல் என்றால் படிவு மிகுதி. இதற்கு ஊசியும் சாயமும் வேண்டாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதில் இரண்டு காரியங்களை மனதிற்கொள்ள வேண்டும். முதலாவது, பூஜ்யம் என்பது நல்ல செய்திதான். ஆனால் சுண்ணாம்பு ஏறாத இளம் படிவு அதில் தெரியாது. ஆகவே மார்வலி உள்ளவரோ, சிறு வயதினரோ, புகைபிடிப்பவரோ, சர்க்கரை வியாதிக்காரரோ அதை வைத்து மாத்திரம் நிம்மதி அடையக்கூடாது. இரண்டாவது, ஸ்டாட்டின் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு ஸ்கோர் கூடுவதுண்டு. மென்மையான படிவு இறுகிக் கெட்டிப்படுவதே அதற்குக் காரணம். "மருந்து சாப்பிட்டும் ஏறிவிட்டதே" என்று மனம் சோர்ந்து மருந்தை விட்டுவிடுவது தவறு.

5. கனலைத் தேடும் படம்

கனலைத் தேடுவதற்குப் பெட் ஸ்கேன் உதவியது. புற்றுநோயைக் கண்டறிய இது பயன்படுவதை நம்மில் பலர் அறிவோம். கதிரியக்கமுள்ள ஃப்ளூரின் சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை ஊசிமூலம் செலுத்துகிறார்கள். எந்த அணுக்கள் அதிகச் சர்க்கரையை உண்கின்றனவோ அவ்விடம் படத்தில் ஒளிரும். அழற்சியில் ஈடுபட்டிருக்கும் வெள்ளை அணுக்களும் அப்படியே சர்க்கரையை மிகுதியாக உண்பவை.

2002-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், கழுத்திலுள்ள பெரிய இரத்தக் குழாய் குறுகி, பக்கவாதத்தின் முன்னறிகுறி கண்டிருந்த எட்டு நோயாளிகளை இவ்விதமாகப் பரிசோதித்தனர். தொல்லை கொடுத்த பக்கத்தில் சர்க்கரை ஏறியது, மறுபக்கத்தைவிட 27 சதவீதம் அதிகமாக இருந்தது. பின்னர் அறுவையில் எடுத்த படிவுகளைச் சோதித்தபோது, வெள்ளை அணுக்கள் மிகுந்த இடத்திலேயே அது சேரக் கண்டனர். எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் இரத்தக் குழாய்ச் சுவரில் கனல் எங்கே என்று வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பதற்கு அது வழி திறந்தது. 2006-இல் ஜப்பானில், சிம்வாஸ்டாட்டின் மாத்திரையை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தபோது அந்த ஒளி மங்கியதைக் கண்டனர்.

இருதயத்திலோ இம்முறைக்கு ஓர் இடையூறு உண்டு. இருதயத் தசையும் சர்க்கரையை உண்கிறது. அதன் ஒளியில், பக்கத்திலிருக்கும் மெல்லிய குழாயின் ஒளி மறைந்துபோகிறது. சூரியன் பக்கத்தில் விளக்கு வைத்ததுபோல. ஆகவே ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் எலும்பைப் படம் பிடிக்க நெடுங்காலமாக வழங்கிவந்த சோடியம் ஃப்ளூரைடைக் கையிலெடுத்தனர். அது தசையில் ஒட்டாது. சுண்ணாம்பு புதிதாகப் படியத் தொடங்கும் நுண்ணிய இடங்களில் ஒட்டும். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், அண்மையில் மாரடைப்பு வந்த 40 பேரில் 37 பேருக்கு, மாரடைப்பை உண்டாக்கிய அதே படிவே எல்லாவற்றிலும் அதிகமாக ஒளிர்ந்தது.

6. பக்கத்துக் கொழுப்பு சொல்லும் செய்தி

பெட் ஸ்கேன் செலவு மிகுந்தது. அதற்குரிய கதிரியக்கப் பொருளின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அது தயாராகும் இடம் தொலைவில் இருக்க முடியாது. ஆகவே இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் சாரலாம்போஸ் அன்டோனியாடிஸ் குழுவினர் வேறு வழி தேடினர்.

இருதயக் குழாய்களைச் சுற்றி இயற்கையாகவே கொழுப்பு இருக்கிறது. சுவரில் அழற்சி இருந்தால் அது பக்கத்துக் கொழுப்பு அணுக்களை முதிரவிடுவதில்லை. அவற்றில் கொழுப்பு குறைந்து நீர்த்தன்மை கூடுகிறது. வழக்கமாக எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் படத்திலேயே இந்த மாறுதலைக் கணினியால் அளக்கலாம். ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அடுத்த வீட்டுச் சுவரின் சூட்டைத் தொட்டு அறிவதுபோன்ற உபாயம் இது. 2018-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் படம் எடுத்தவர்களின் விவரங்களைக் கொண்டு இதைச் சோதித்தபோது, அழற்சி மிகுந்தவர்களிடையே பின்னாளில் இருதய மரணங்கள் அதிகம் என்று கண்டனர்.

2024-இல் பிரிட்டனில் 40,091 பேரின் விவரங்கள் வெளியாயின. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குக் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் நிகழ்ந்த இருதய மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த "அடைப்பு இல்லாத" கூட்டத்தாரிடையே நிகழ்ந்தது. தனி ஒருவருக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் கூட்டம் பெரிது. அவர்களில் யாரிடம் கனல் இருக்கிறது என்று பிரித்தறிவதே இந்தப் புதிய படங்களின் நோக்கம்.

7. பார்த்தபின் என்ன?

ஸ்காட்லாந்தில் மார்வலிக்காக மருத்துவமனைக்கு வந்த 4,146 பேரை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு சி.டி. ஆஞ்சியோகிராம். ஐந்து ஆண்டு கழித்து 2018-இல் முடிவு வெளியாயிற்று. இருதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு கண்டவர்களும், படம் எடுக்காதவரில் 81 பேர். எடுத்தவரில் 48 பேர்.

எதனால் இந்த வித்தியாசம்? ஐந்தாண்டு முடிவில் ஸ்டென்ட்டும் பைபாஸும் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவாகவே நடந்திருந்தன. படத்தில் படிவு தெரிந்தவர்களுக்கு மருத்துவர் ஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளைத் தொடங்கினர், நோயாளிகளும் சாப்பிட்டனர். ஸ்கேன் இயந்திரம் யாரையும் குணமாக்கவில்லை. கண்டதை நம்பிச் செய்த காரியமே காப்பாற்றியது.

அழற்சியை நேரடியாக அடக்கினால் பயன் உண்டா? 2017-இல் 10,061 பேரிடம் கனகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்தனர். கொலஸ்ட்ராலைக் குறைக்காமலே அது மாரடைப்பு போன்ற துன்பங்களை ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிரைப் போக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின, விலையும் எட்டாதது. பின்பு கவுட் என்னும் மூட்டு வியாதிக்குக் கொடுத்துவந்த பழைய மருந்தாகிய கோல்ச்சிசின் மேல் கவனம் திரும்பியது. 2023-இல் அமெரிக்க அரசு அதனைக் குறைந்த அளவில் இருதய நோயாளிகளுக்கு வழங்க அனுமதித்தது.

கோல்ச்சிசின் தரும் செடிகளில் ஒன்று நம் மாநில மலராகிய செங்காந்தள். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு அதன் விதையை மருந்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. மருந்தென்று எண்ணி வீட்டில் அரைத்து உண்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையாக வந்தாலும் சிறுநீரகமும் கல்லீரலும் நலிந்தவருக்கு ஆபத்து. டாக்டர் எழுதித் தந்தாலன்றி அதைத் தொடக்கூடாது.

8. நாம் கைக்கொள்ள வேண்டியவை

அ) நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் எந்த ஸ்கேனுக்கும் நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுக்கவேண்டும். "வாயுத் தொல்லை" என்று சோடா குடித்துப் படுத்தவர்கள் பலர் எழுந்திருக்கவில்லை.

ஆ) படிவுக்காகப் பெட் ஸ்கேன் எடுப்பது இன்னமும் பெரும்பாலும் ஆராய்ச்சி அளவிலேயே உள்ளது, சாதாரணப் பரிசோதனையாக யாரும் கேட்டு எடுக்கத் தேவையில்லை. பெருநாடியையே தாக்கும் டகயாசு போன்ற அழற்சி நோய்களில் அதன் பயன் வேறு. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

இ) விளம்பரத்தைக் கண்டு ஸ்கேனுக்குப் போகாமல், "இந்தப் படத்தின் முடிவால் என் சிகிச்சை மாறுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மாறாது என்றால் செலவும் கதிர்வீச்சும் எதற்கு? ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டாட்டின் தேவை என்பதற்குப் படத்தின் சாட்சி வேண்டியதில்லை.

ஈ) கழுத்து இரத்தக் குழாயை அல்ட்ராசவுண்டு மூலம் பார்க்கலாம். கதிர்வீச்சு இல்லை. சிறிய ஊர் மருத்துவமனைகளிலும் இது கைக்கெட்டும்.

உ) மேலே சொன்ன 52 நாட்டு ஆய்வில், முதல் மாரடைப்பின் ஆபத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஒன்பது காரணங்களுக்குள் அடங்கின: புகைபிடித்தல், கொழுப்புக் கோளாறு, இரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி, தொந்தி, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம். இவற்றுள் பெரும்பாலானவற்றை அறிய இரத்த அழுத்தக் கருவியும், ஒரு துளி இரத்தமும், இடுப்பை அளக்கும் நாடாவும், உண்மையான பதிலும் போதும்.

ஊ) "அடைப்பு இல்லை" என்று டாக்டர் சொன்னால் மகிழுங்கள். கூடவே, "படிவு இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். இருக்கிறது என்றால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெருப்பை அணைக்க ஏற்ற வேளை, அது நீறு பூத்திருக்கும் வேளையே.

கூடிப் பேச:

1. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லாத ஒருவருக்கும் மாரடைப்பு வரக்கூடியது எப்படி?
2. கால்சியம் ஸ்கோருக்கும் பெட் ஸ்கேனுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எப்படி விளக்குவீர்கள்?
3. ஸ்காட்லாந்து ஆய்வில் படம் எடுத்தவர்கள் நன்மையடைந்ததன் காரணம் என்ன?
4. உங்கள் குடும்பத்தில் 40 வயதைக் கடந்தவர்களில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் கடந்த ஓராண்டில் பார்த்துக்கொள்ளாதவர் யார்? அவரை எந்த நாளில் அழைத்துப் போவீர்கள்?